துருவைத் தின்ற பூஞ்சணம்

தேக்கின் தளிரைக் கசக்கினால் விரல் சிவக்கும். வன்னியில் முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது காசில்லாத மருதாணி. மாரி ஓய்ந்து தை பிறந்த பிறகு அதே மரத்தின் முற்றிய இலை ஒன்றை எட்டிப் பறித்துப் புரட்டினால் வேறொரு நிறம் ஒட்டும். இலையின் மேற்புறம் சாம்பல் பூத்து மங்கிக் கிடக்கும். அடிப்புறம் முழுவதும், மஞ்சள் இடித்த உரலைத் தட்டிவிட்டதுபோல, செம்மஞ்சள் தூள். ஊதினால் பறக்கும், தடவினால் கையோடு வரும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி. இரும்பில் ஏறும் துருவின் நிறம் என்பதால் துரு நோய் என்று பெயர்.

தேக்குத் துருவுக்குக் காரணமான பங்கசை 1949-இல் விவரித்துப் பெயரிட்டவர்கள் தமிழ்நாட்டுத் தாவர நோய் ஆய்வாளர்களான டி. எஸ். இராமகிருஷ்ணனும் கே. இராமகிருஷ்ணனும். இன்று அது ஒலிவியா டெக்டோனே எனப்படுகிறது. இலை முற்றிய பிறகே பெரும்பாலும் வருவதால் வளர்ந்த தேக்கு இதனால் சாவதில்லை. நாற்றுமேடையில் உள்ள கன்றுகளுக்குத்தான் உண்மையான சேதம். வன்னியில் யாரும் இதற்காக வைத்தியம் தேடி அலைந்ததாகப் பேச்சில்லை. ஆனால் இதே துருப் பங்கசுக் கூட்டத்தைச் சேர்ந்த இன்னொன்று, வன்னியில் விளையவே விளையாத ஒரு பயிரைத் தின்று, வன்னி மக்களின் கதையையே மாற்றியது.

அதற்குள் போகுமுன் ஒரு பழைய கதை. முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளை என்ற பெயருக்கு ஊரில் சொல்லும் விளக்கம் எல்லோருக்கும் தெரியும். மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கினாள். நந்திக்கடலோரத்தில் தங்கியது பத்தாவது இடம். பத்தாம்பளை என்பதே மருவி வற்றாப்பளை ஆயிற்று. களைத்து வந்த கிழவியாக இடையர் சிறுவர்களிடம் அவள் இடம் கேட்டதும், வேப்பங்குழையால் பந்தலிட்டு அவர்கள் பொங்கிப் படைத்ததும், எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னதும் அந்தக் கதையின் பகுதிகள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீர் விளக்கு எரிக்கிறார்கள். பாண்டி நாட்டிலிருந்து கடல் கடந்து நடந்துவந்த பெண் ஒருத்தியின் நினைவைச் சுற்றி எழுந்த ஊர் இது.

அதே பாண்டி நாட்டிலிருந்தும் அதன் அண்டைச் சீமைகளிலிருந்தும், அதே கடலைக் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை ஊர்களில் பஞ்சம் அடித்தபோதெல்லாம் ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னால் கிளம்பி, வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து முருங்கன், மடு, செட்டிகுளம் வழியாக மதவாச்சி. பிறகு அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை. வன்னியின் தென்விளிம்பை அறுத்துக்கொண்டு போன இந்தப் பாதையை வெள்ளைக்காரர் வடக்குப் பாதை என்றார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் தாகமும் எத்தனையோ பேரை அந்தக் காட்டிலேயே விழுத்தின. குளங்கள் உடைந்து, ஊர்கள் ஆளற்றுப்போய், வன்னியே மெலிந்து கிடந்த காலம் அது. 2023-இல், அந்த நடைக்காரரின் வழிவந்த மலையகத்தாரின் இருநூறாவது ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் திரும்ப நடந்தது.

அவர்களை அழைத்தது தேயிலை அல்ல, கோப்பி.

1840-களிலிருந்து கண்டி மலைகளில் பெருமளவில் காடு வெட்டி எரித்துக் கோப்பி நட்டார்கள். பழம் ஆய்கிற பருவம் ஆண்டில் சில மாதங்கள்தான். அதனால் கூலிக்கு வந்தவர்கள் பருவம் முடிந்ததும் சேர்த்த காசை மடியில் முடிந்துகொண்டு அதே பாதையில் ஊர் திரும்பினார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867-இல் ரயில் ஓடத் தொடங்கியதும் கோப்பிக் காசின் பலத்தில்தான். யாழ்ப்பாணத்தில் 1869-இல் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்றொரு நூல் அச்சேறியது. காடு வெட்டுவதிலிருந்து பழம் உலர்த்துவதுவரை கோப்பிச் செய்கை முழுவதையும் கும்மி மெட்டில் கட்டியவர் ஆபிரகாம் யோசேப்பு. பயிரின் புகழ் கும்மியாக அச்சில் ஏறிய அதே ஆண்டில், பதுளைப் பக்கத்து மடூல்சீமையில் ஒரு தோட்டத்தில் சில கோப்பிச் செடிகளின் இலையடியில் செம்மஞ்சள் தூள் தென்பட்டது.

தூள் படிந்த இலைகள் பேராதனைத் தாவரத் தோட்டத்துப் பணிப்பாளர் துவெயிட்ஸின் கைக்குப் போயின. அவர் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அயர்லாந்தைப் பட்டினிபோட்ட உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் பங்கசுதான் என்று முன்னரே வாதிட்டிருந்த பெர்க்லி பாதிரியார், 1869 நவம்பரில் ஒரு தோட்டக்கலை வார இதழில் இதற்குப் பெயர் சூட்டினார்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். வித்தியின் ஒருபாதி வழுவழுப்பு, மறுபாதி முள். அதனால் ‘ஹெமிலியா’, அதாவது பாதி வழுவழுப்பு. ‘வாஸ்டாட்ரிக்ஸ்’ என்றால் நாசம் செய்பவள். தோட்டத் துரைமார் அதை ‘நாசக்கார எமிலி’ என்று ஒரு பெண் பெயராக்கிப் பேசினார்கள்.

பெயர் வைத்த வேகத்தில் பயம் வரவில்லை. 1870-களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. விளைச்சல் குறைந்தாலும் வருமானம் குறையாததால் துரைமார் இன்னும் காடு வெட்டினார்கள். திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா என்று ஈரம் மிகுந்த மலைகளுக்குள் ஏறினார்கள். மழை அதிகம், பனி அதிகம், நிழல் கிடையாது, ஒரே பயிர் கண்ணுக்கெட்டியவரை. துரு நோய்க்கு அதைவிட நல்ல விருந்து யாரும் வைத்திருக்க முடியாது.

1880-இல் அரசு ஓர் இளம் தாவரவியலாளரை வரவழைத்தது. ஹரி மார்ஷல் வார்ட் இலங்கையில் வந்திறங்கியபோது வயது இருபத்தைந்துதான். நோய் மண்ணிலிருந்து வருகிறதா, வேரிலிருந்து வருகிறதா, உரம் போட்டால் போகுமா என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த காலம். வார்ட் செய்த காரியம் எளிமையானது. கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் தொங்கவிட்டார். காற்றில் வந்த தூள் அதில் ஒட்டியது. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்: பாதி முள்ளும் பாதி வழுவழுப்புமான அதே வித்திகள். நோய் காற்றில் வருகிறது என்பதற்குத் தகடே சாட்சி ஆயிற்று.

அடுத்ததாக அவர் கண்டதுதான் இந்தக் கதைக்கு அச்சாணி. வித்தி இலைமேல் விழுந்தால் மட்டும் போதாது. இலையில் ஒரு துளி நீர் நிற்கவேண்டும். அந்தத் துளியில்தான் வித்தி முளைக்கும். முளைத்த நுனி இலையின் அடிப்புறத்து இலைவாய்க்குள் நுழையும். சில வாரத்தில் அங்கே புதிய செம்மஞ்சள் தூள் வெடிக்கும். நீர் காய்ந்தால் முளை கருகிப் போகும். நுழைந்துவிட்டால் பிறகு இலையின் மேலே தங்கும் மருந்து எட்டாது. இன்றைய கணக்கில் கோப்பித் துரு ஏறத்தாழ 21 முதல் 25 பாகை செல்சியஸில், இருட்டில், ஈர இலையில் நன்றாக முளைக்கிறது. கண்டி மலையின் மழைக்கால இரவில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஒரே பயிரைத் தடையில்லாமல் மலைமலையாக நட்டதுதான் காற்றுக்கு வழி திறந்துவிட்டது என்பதை வார்ட் தெளிவாகக் கண்டார். அவரிடம் மருந்து இல்லை. 1882-இல் திரும்பிப் போனார். திராட்சைக் கொடிக்கான மயில்துத்தக் கரைசலான போர்டோக் கலவை பிரான்சில் பேர்பெற்றது அதற்கு மூன்றாண்டு கழித்துத்தான்.

1870 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்துக்கோடி இறாத்தல் ஏற்றுமதி செய்த தீவு, 1889 அளவில் ஐம்பது இலட்சம் இறாத்தலுக்கு விழுந்தது. இடையில் 1884-இல் கோப்பித் தோட்டங்களை நம்பியிருந்த ஓரியண்டல் வங்கியும் முறிந்தது.

கோப்பி வீழ்ந்த கதையைப் பலரும் இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள்: ஒரு பங்கசு வந்தது, ஒரு பயிர் போனது, தேயிலை வந்தது. ஆனால் துரு தெரிவதற்கு எட்டு ஆண்டு முன்பே, அதே கோப்பிச் செடிகளில், இன்னொரு பங்கசை ஒருவர் பார்த்து எழுதிவைத்திருந்தார்.

அந்தக் காலத் துரைமாரை அழவைத்தது துரு அல்ல, பூச்சி. கோப்பிக் கொப்பில் ஆமை ஓடு கவிழ்த்ததுபோல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதிற்பூச்சி. பேராதனையில் இருந்த கார்ட்னர் 1840-களின் முடிவில் அதைப்பற்றி அறிக்கை எழுதினார். பிறகு கோப்பித் தோட்டக்காரரான ஜெர்மானியர் நீட்னர், இலங்கைக் கோப்பியின் எதிரிகளைப்பற்றி 1861-இல் கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். செதிற்பூச்சியைக் கொன்று அதன்மேல் படரும் ஒரு பங்கசின் முதற் பதிவாகப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டுவது நீட்னரின் அந்தக் குறிப்பைத்தான். 1898-இல் யாவாவில் சிம்மர்மான் அதே பங்கசுக்கு முறையான பெயர் வைத்தார். அதன்பின் பெயர் பலமுறை மாறிவிட்டது. விவசாயக் கடைகளில் அது இன்றும் வெர்டிசிலியம் லெக்கானி, பல நூல்களில் லெக்கானிசிலியம்.

அதைக் கிட்டப் பார்ப்பது கடினமல்ல. மழைநாளில் செதிற்பூச்சி மொய்த்த இலையொன்றில், செத்த பூச்சியைச் சுற்றி வெண்பஞ்சு வட்டமாகப் பூத்திருக்கும், நிலவைச் சுற்றிப் பரிவட்டம் கட்டியதுபோல. ஆங்கிலத்தில் இதற்கு வெண்பரிவட்டப் பங்கசு என்றே பெயர். மாரிகாலத்தில் பழைய தோற்செருப்பில் பிடிக்கும் பூஞ்சணம் என்று வன்னிக் கிழவி ஒருத்தி சொல்லிவிட்டுப் போவாள்; தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தப் பூஞ்சணம் பூச்சியை மட்டும் தின்பதில்லை. பக்கத்தில் துருப் பொட்டு இருந்தால் அதன்மேலும் ஏறும். செம்மஞ்சள் தூளின்மேல் மெல்லிய வெள்ளை இழை ஓடும். சில நாளில் அந்தப் பொட்டு வெளிறும், வித்திகள் சுருங்கும். மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மலையில், நிழல்மரங்களின் கீழ் கோப்பி வளர்க்கும் ஒரு தோட்டத்தில், சூழலியலாளர்களான ஜான் வாண்டர்மீரும் இவெட் பெர்ஃபெக்டோவும் அவர்களுடைய மாணவர்களும் ஆண்டுக்கணக்காக இதைப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் கண்ட சங்கிலியை நம்மூர் முசுறைப் பார்த்தவர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். மாமரத்து முசுறு இலை கோத்துக் கூடு கட்டிப் பூச்சிகளைக் காவல்காத்து அவற்றின் இனிப்பை நக்குவதுபோல, அங்கே நிழல்மரத்தில் கூடுகட்டும் அஸ்டெக்கா எறும்புகள் கோப்பியின் பச்சைச் செதிற்பூச்சியைக் காக்கின்றன. காவல் இருக்குமிடத்தில் பூச்சி பெருகும். பெருகிய கூட்டத்தில் மழைக்காலம் வந்ததும் வெண்பூஞ்சணம் கொள்ளைநோயாகப் பரவும். அங்கிருந்து அக்கம்பக்கத்துத் துருப் பொட்டுகளுக்குத் தாவும். பூஞ்சணம் பலமாக இருந்த இடங்களில் அடுத்த பருவத்துத் துரு குறைந்திருந்ததை 2012-இல் அவர்கள் வெளியிட்டார்கள். பூச்சி வேண்டாம் என்று மருந்தடித்தால் துருவின் எதிரியும் சேர்ந்து போய்விடும் என்பது இந்தச் சங்கிலியின் பொருள்.

அப்படியானால் 1870-களின் இலங்கையில் என்ன நடந்தது? பூச்சியும் இருந்தது, பூச்சியைத் தின்னும் பூஞ்சணமும் இருந்தது, துருவும் வந்தது. பூஞ்சணம் ஏன் துருவைத் தடுக்கவில்லை?

விடையின் பெரும்பகுதி வானிலையிலும் நிழலிலும் இருக்கிறது. லெக்கானிசிலியத்தின் வித்தி வேலை செய்ய இலையை ஒட்டிய காற்று ஏறக்குறைய முழு ஈரத்தில் மணிக்கணக்காக நிற்கவேண்டும். அதற்கு உவப்பான வெப்பம் 20 முதல் 25 பாகை, துருவுக்கு உவப்பானதும் அதுவே. இரண்டும் ஒரே பாயில் படுப்பவை. வேறுபாடு வெயிலில் தெரியும். துருவின் வித்தி தடித்த, நிறமேறிய சுவருடையது. காற்றில் மலை தாண்டும். பூஞ்சணத்தின் வித்தி நிறமற்றது, பசைபோன்ற துளியில் சேர்ந்திருப்பது. மழைத்துளி தெறித்தும் பூச்சியின் காலில் ஒட்டியும்தான் பெரும்பாலும் நகரும். வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால் விரைவில் செத்துவிடும். மலை மொட்டையாகி, நிழல்மரம் இல்லாமல், பகலில் வெயிலும் காற்றும் நேரே இலையை அறையும் தோட்டத்தில் துருவின் வித்தி பறந்து போய்விடுகிறது. பூஞ்சணத்தின் வித்தி நின்ற இடத்திலேயே காய்ந்துவிடுகிறது. இரவின் ஈரம் மட்டும் துருவுக்குப் போதும். பூஞ்சணத்துக்கு அதைவிட நீண்டநேரம் ஈரம் நிற்கவேண்டும்.

இதை நிழல் என்ற ஒரே சொல்லில் சுருக்கினால் பொய்யாகிவிடும். கண்டிச் சிங்கள ஊர்களில் பலாவும் தென்னையும் கமுகும் நின்ற வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த ‘நாட்டுக் கோப்பி’ அந்நாளைய ஏற்றுமதியில் கணிசமான பங்கு. அதையும் துரு விடவில்லை. நிழலில் இலை மெதுவாகக் காய்வதால் துருவுக்கும் அங்கே நீர்த்துளி கிடைக்கும். ஆனால் நிழலில் காற்று தணியும், செடி அளவுக்குமீறிக் காய்த்துக் களைக்காது, பூஞ்சணமும் உயிரோடிருக்கும். எது வெல்லும் என்பது அந்தத் தோட்டத்தின் உயரம், மழை, மரங்களின் இடைவெளி எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. இன்றைய ஆய்வாளர்களிடையேகூட நிழலைப்பற்றி முடிவான ஒரு விடை இல்லாததற்கு இதுவே காரணம். கர்நாடக மலைகளிலும் ஏற்காட்டிலும் பழனி மலையிலும் 1870-களில் இதே துரு புகுந்தும் கோப்பி முற்றாக அழியாமல் இன்றும் நிழலில் நிற்கிறது. நிழலோடு, கென்ட் போன்ற தாங்கும் வகைகளும், 1925-இல் பாலேஹொன்னூரில் தொடங்கிய ஆய்வு நிலையமும், போர்டோக் கலவைத் தெளிப்பும் சேர்ந்துதான் அதைக் காத்தன.

இலங்கைக் கோப்பிக்கு இறுதி அடி கொடுத்தது பச்சைச் செதிற்பூச்சி. 1882-இல் தென்பட்டது, துருவால் இலையிழந்த செடிகளை ஒருசில ஆண்டுகளில் முடித்துவிட்டது. அந்தப் பூச்சியோடு பூஞ்சணமும் வந்திருக்கும், பெருகியும் இருக்கும். ஆனால் செடி ஏற்கெனவே சாகக் கிடந்தது. இயற்கை எதிரி வந்து சேர்வதற்கு ஒரு தாமதம் உண்டு, இரை பெருகிய பிறகுதான் அது பெருகும். அந்த இடைவெளியைத் தாங்க அந்தக் கோப்பியிடம் வலு இல்லை.

பேராதனையில் 1905-இலிருந்து பங்கசியலாளராக இருந்த டொம் பெட்ச், பூச்சியைத் தின்னும் பங்கசுகளைப்பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர். வேறு நாடுகளில் அப்போது இந்தப் பங்கசுகளைப் போத்தலில் வளர்த்துத் தோட்டங்களில் தெளிக்கும் உற்சாகம் பரவியிருந்தது. பெட்ச் அதை நம்பவில்லை. பங்கசு ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கிறது. ஏற்ற வானிலை வந்தால் தானே பரவும். வராவிட்டால் எத்தனை தெளித்தாலும் பரவாது என்பது அவருடைய வாதம். இலங்கை மழையைப் பல ஆண்டு பார்த்த ஒருவர் சொன்னதை எளிதில் தள்ளமுடியாது. ஆனால் அவர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை: வானிலையை மாற்ற முடியாவிட்டாலும் ஓர் இலையைச் சுற்றியுள்ள காற்றை மாற்றலாம்.

அதை நிரூபித்தது ஒரு பூந்தோட்டம். இங்கிலாந்தின் லிட்டில்ஹம்ப்டனில் ரிச்சர்ட் ஹோலும் சகாக்களும் 1970-களில் இதே பூஞ்சணத்தைக் கண்ணாடி வீட்டுச் செவ்வந்தியில் அசுவுணிக்கு எதிராகத் தெளித்தார்கள். செவ்வந்தி பூக்க நீண்ட இரவு வேண்டும். அதனால் கோடைகாலத்தில் தோட்டக்காரர் மாலையிலேயே செடிகளைக் கறுப்புப் படங்கால் மூடி, காலையில் திறப்பது வழக்கம். பூவுக்காகப் போட்ட மூடி பூஞ்சணத்துக்கும் உதவியது. படங்கின் கீழ் இரவு முழுவதும் ஈரம் கட்டி நின்றது. ஒருமுறை தெளித்த பூஞ்சணம் தானே பரவி அசுவுணியை ஒடுக்கியது. மூடாத பயிர்களில் அவ்வளவு எடுபடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அது கடைச்சரக்காக வந்தது. இன்று கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தயாரிப்பாகவும் தூளில் கலந்து விற்கிறார்கள். மாலைக் கருக்கலில் அடியுங்கள், வெயிலில் அடிக்காதீர்கள் என்பது அதை வாங்குகிறவருக்குச் சொல்லும் முதல் பேச்சு. கிளிசரின் தகட்டில் வார்ட் கண்ட நீர்த்துளியும் அந்தப் பேச்சும் ஒரே விடயத்தின் இரண்டு பக்கம்.

மற்ற மரங்களிலும் இதே கதைதான் நடக்கிறது. துருப் பொட்டுக்குள்ளேயே குடியிருந்து அதைத் தின்னும் டார்லூக்கா என்றொரு பங்கசு முந்நூறுக்கு மேற்பட்ட துரு வகைகளில் பதிவாகியிருக்கிறது. கைவில்லையில் பார்த்தால் செம்மஞ்சள் தூளுக்குள் கசகசாப் போலக் கறுப்புப் புள்ளிகள். இங்கிலாந்தில் விறகெரிபொருளுக்காக வளர்த்த வில்லோ மரங்களில் அதைப் பல ஆண்டு சோதித்தார்கள். ஈரமான ஆண்டில் நன்றாக வந்தது. ஆனால் துரு முந்திக்கொண்ட பிறகு வந்தது. இலங்கைக் கோப்பியை முடித்த அதே தாமதம்.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1875-இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்தது இருபதே ஆண்டில் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. வரலாற்றாசிரியர்கள் இதைத் துரைமாரின் சாமர்த்தியமாக எழுதுவார்கள். கூலிக்கு வந்தவர்களின் பக்கமிருந்து பார்த்தால் அது வேறு. கோப்பிக்குப் பருவத்துக்கு ஆள் போதும். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் கிள்ளவேண்டும். அதனால் திரும்பிப்போகும் பாதை மூடியது. லயன் காம்பரா என்ற வரிசை அறைகளில் குடும்பத்தோடு தங்கினார்கள்; அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே புதைந்தார்கள். ஒரு பங்கசு பருவகால வழிப்போக்கர்களை நிரந்தரக் குடிகளாக்கியது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து அந்த நிரந்தரக் குடிகளை நாடற்றவர்கள் என்றது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது.

போகாதவர்களில் பலர் வன்னிக்கு வந்தார்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் மலையகக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இறங்கின. 1977-க்குப் பிறகு எஸ். ஏ. டேவிட்டும் டாக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு வவுனியாவை மையமாக வைத்து அவர்களில் பலரைக் குடியேற்றியது. பாட்டன் பாட்டி நடந்து கடந்த அதே காட்டில் பேரப்பிள்ளைகள் காணி வெட்டினார்கள். பழைய வன்னியார் போலவே நெல்லும் உழுந்தும் கச்சானும் போட்டார்கள். 2009-இல் இறுதிப் போர் நந்திக்கடலோரத்தில் எல்லாரையும் பிரிக்காமல் எரித்தபோது அவர்களும் அதில் இருந்தார்கள். திரும்பி வந்து மீண்டும் வேலி கட்டியவர்களிலும் இருந்தார்கள். 1869-இல் மடூல்சீமைக் கோப்பி இலையில் படிந்த தூளை இந்தக் காணிகளிலிருந்து பிரித்துப் பார்ப்பது சரியல்ல. மலையக வரலாறு பேசுகிறவர்கள் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் சொல்லி அந்தத் தூளை விட்டுவிடுவது ஒரு குறைதான்.

அந்த வேலிகளில் ஒரு மரம் நிற்கும். முள்முருக்கு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கலியாண வீட்டுக் கன்னிக்காலுக்கு வெட்டுவது இதன் தடிதான். இதன் இனத்து மரங்களைத்தான் கோப்பிக்கும் தேயிலைக்கும் நிழலாகப் பிற்காலத்தில் தோட்டங்களில் நட்டார்கள். இலை விரைவில் மக்கும், வேர் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். முதல் கோப்பிக்காரர் மொட்டையாக்கிய மலைகளில் அது தாமதமாகத்தான் வந்தது.

வன்னியில் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை. சோளகம் வீசும் மாதங்களில் இலையில் ஈரம் நிற்காது. வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம் வரும் வைகாசியில் தேக்கிலையின் அடிப்புறம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அப்போது துருவைத் தேடுவது வீண். கார்த்திகை மழை இரண்டு வாரம் விடாமல் பெய்து, இரவு குளிர்ந்து, இலை காலைவரை காயாமல் நிற்கும்போதுதான் தூள் முளைவிடும். தை மாதம் அதைப் பார்க்கப் போகிறவர் பாதையோரத்து வெயில் மரத்தைவிட்டு, குளக்கட்டின் கீழ்ப்பக்கம், மற்ற மரங்களின் நிழல் விழும் இடத்தில் தாழ்ந்த கொப்பொன்றைப் பிடித்து வளைக்கவேண்டும். செம்மஞ்சள் பொட்டு ஒவ்வொன்றையும் கைவில்லையால் பார்க்கவேண்டும், அவற்றில் ஏதாவது ஒன்று வெளிறி, அதன்மேல் வெள்ளை இழை ஓடியிருக்கிறதா என்று.